ஸ்கேல் அக்காவும் இரண்டாம் பக்கமும்

காகிதம் பிரிண்டரின் வாயிலிருந்து முழுவதுமாக வெளியே வருவதற்குள் அதன் மேல் ஸ்கேலை வைத்துவிடுகிறாள். மை காயட்டும் என்கிற பொறுமை கிடையாது. பக்கத்தின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் அச்சாகியிருக்கிறது. நீளமும் அகலமும் ஐந்து சென்டிமீட்டர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு காகிதத்தில் முட்டும்படி குனிந்து, முதலில் நீளவாக்கில் பார்க்கிறாள், பிறகு குறுக்கே. "சரியா இருக்கு" என்று சொல்லிக்கொள்கிறாள். அடுத்த மூச்சிலேயே, "இருக்குல்ல?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு மறுபடியும் வைக்கிறாள். மரத்தில் ஒன்று, எஃகில் ஒன்று என்று இரண்டு ஸ்கேல்கள். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஏற்பாடு.

எங்கள் கட்டடத்தில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்றுதான் பெயர். எதிர் வீட்டில் குடியிருக்கும் எனக்கு அவளுடைய சொந்தப் பெயரை நினைவுக்குக் கொண்டுவர ஒரு நிமிடம் பிடிக்கும். தையல் வேலைதான் செய்கிறாள். ஆனால் சட்டையும் கவுனும் தைக்கிற தையல் இல்லை. தீக்காயம் பட்டவர்களுக்குப் புண் ஆறிய பிறகு தழும்பு தடித்து மேடாகும். தோல் சுருங்கி விரலை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஆகாமலிருக்க, இழுபடுகிற துணியில் உடம்பைக் கவ்விப் பிடிக்கும்படி உறை தைத்து மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும். கைக்கு, கழுத்துக்கு, முழங்காலுக்கு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவு. மருத்துவமனையில் அளந்து அனுப்புவார்கள். அக்கா கணினியில் அதை வரைந்து, காகிதத்தில் அச்செடுத்து, கத்தரித்து, துணிமேல் வைத்து வெட்டுவாள்.

"தளர்ந்தா பிரயோஜனம் இல்ல, இறுகினா ரத்தம் ஓடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல் அளவு எடம் இருக்கு பாருங்க, அங்கதான் என் பொழப்பு ஓடுது" என்பாள்.

கணினி படுக்கையறையில் இருக்கிறது, பிரிண்டர் கூடத்து ஜன்னலோரம். நடுவில் ஒரு சுவர். இணைக்கிற கம்பி கிடையாது. வீட்டு வைஃபையில்தான் எல்லாம் போய் வருகிறது. அக்கா உள்ளே பொத்தானை அழுத்திவிட்டு, செருப்பு படபடக்கக் கூடத்துக்கு ஓடி வருவாள். பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதத்தை இழுக்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். அவள் அச்செடுக்கும்போது கூடத்து நாற்காலியில் சிவப்புத் துண்டு கிடக்கும். துண்டு கிடந்தால் வீட்டில் வேறு யாரும் போனிலிருந்து பிரிண்ட் கொடுக்கக் கூடாது. கல்லூரிக்குப் போகும் மகள் ஒரு தடவை தெரியாமல் தன் பாடக் குறிப்புகளை அனுப்பப்போய், யாரோ ஒருவரின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பொருளாதாரம் வந்து விழுந்தது. அன்றைக்கு வந்தது இந்தச் சட்டம்.

"கிளம்பினது தெரியுது, வந்து சேர்ந்ததும் தெரியுது. நடுவுல என்ன நடக்குதுன்னு தெரியலையே" என்பது அவளுடைய நிரந்தரப் புலம்பல். பிரிண்டரைப் பற்றி மட்டுமல்ல. மகள் பஸ் ஏறிப் போனாலும் இதையேதான் சொல்வாள். மாடிப்படி இறங்கியவள் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பி ஏறுவாள். பார்த்துவிட்டு இறங்கியவள், சரியாகப் பார்த்தோமா என்று பார்க்க மறுபடி ஏறுவாள். நான் குளித்துவிட்டுத் தெம்பாக வெளியே வந்தால், "ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு, எனக்கே ஜுரம் அடிக்கிற மாதிரி செய்துவிடுவாள்.

கணினிக் கடையில் வேலை செய்யும் கொழுந்தன் கூடவே இருக்கிறான். அவன் ஒருநாள் உட்கார வைத்து விளக்கியதை நானும் கேட்டேன்.

"அண்ணி, நீங்க வரையற கோடு அப்படியே பிரிண்டருக்குப் போகாது. நடுவுல டிரைவர்னு ஒண்ணு இருக்கு. அது உங்க கோட்டை எல்லாம் புள்ளி புள்ளியா மாத்தி, வரிசையில நிக்க வச்சு, பொட்டலம் பொட்டலமா வைஃபைல அனுப்பும். பிரிண்டர் அதை வாங்கிச் சேர்த்து அடிக்கும்."

"வழியில ஒரு பொட்டலம் விழுந்துட்டா?"

"விழாது. வந்து சேரலேன்னா திரும்ப அனுப்பிடும்."

"அனுப்ப மறந்துட்டா?"

கொழுந்தன் எழுந்து குளிக்கப் போய்விட்டான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருக்கும் அவள் கணவர்தான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சமாதானம் சொன்னார்: "டிரைவர் மேல நம்பிக்கை இல்லாம வண்டியில ஏறலாமா?"

"பஸ் டிரைவரையாவது கண்ணால பாக்கலாம்" என்றாள் அக்கா.

பேக்கரி மாஸ்டரின் கை அவளிடம் வந்தது அந்தச் சமயத்தில்தான். கொதிக்கிற சர்க்கரைப் பாகு வலது கையில் கொட்டிவிட்டது. புறங்கையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள். வாயாடி மனிதர். அடுப்பு முன்னால் நின்று நின்று எதையும் சத்தமாகச் சொல்லிப் பழகியவர். தன்னைவிட இளையவளான அவளையும் ஊரோடு சேர்ந்து அக்கா என்றே கூப்பிட்டார். "கேக்குக்கு மேல பூ போடற கை அக்கா இது. எனக்கு மத்தது எல்லாம் போனாலும் பரவால்ல, இந்த விரல் நீட்டணும்" என்று ஐந்து விரலையும் மேசைமேல் பரப்பி வைத்துச் சொன்னார். அன்று முழுக்க அக்கா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கையுறைக்கு இரண்டு பக்கம் அச்செடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் உள்ளங்கையும் புறங்கையும் விரல்களோடு இருக்கும். இரண்டாம் பக்கத்தில் கட்டைவிரலும், விரல்களுக்கு இடையில் பக்கவாட்டில் வைத்துத் தைக்கிற மெல்லிய பட்டிகளும். அளந்து பார்க்கும் சதுரம் அப்போதெல்லாம் முதல் பக்கத்தில் மட்டும்தான்.

அன்றைக்கு முதல் பக்கம் வந்தது. இரண்டு ஸ்கேலையும் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதற்குள் பிரிண்டரில் காகிதம் தீர்ந்துபோனது. அவள் உள்ளே போய் எடுத்து வருவதற்குள் கொழுந்தன் புது வைஃபை பெட்டியோடு வந்து சேர்ந்தான். வேகம் போதவில்லை என்று மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவன் பழைய பெட்டியைப் பிடுங்கிவிட்டுப் புதியதை மாட்டினான். கணினித் திரையில் இரண்டாம் பக்கம் போகவும் முடியாமல் வரவும் முடியாமல் வரிசையில் நின்றது. "பிரிண்டர் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியல அண்ணி. வீடு மாறின மாதிரி. இருங்க, புதுசா சேர்த்துவிடறேன்" என்று எதையோ தட்டினான். "இப்பக் குடுங்க."

கொடுத்தாள். வந்தது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் அந்த ஒரு பக்கத்துக்குப் பயப்படாமல் போனாள். முதல் பக்கம் சரியாக இருந்தால் அதன் கூடப்பிறந்தது மட்டும் எப்படித் தப்பாகும்?

தைக்கும்போது பட்டிகள் ஒரு மயிரிழை எட்டவில்லை. இழுத்துப் பிடித்துத் தைத்தாள். இழுபடுகிற துணி, இசைந்து கொடுத்துவிட்டது. மாஸ்டர் வந்து மாட்டிப் பார்த்து, "யாரோ கையக் கெட்டியா புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்குக்கா" என்றார். "அப்படித்தான் இருக்கணும் மாஸ்டர். குளிக்கும்போது தவிர கழட்டாதீங்க" என்று இவளும் சொல்லி அனுப்பினாள்.

அந்த வாரக் கடைசியில், ஒரு விடுமுறை நாள் காலையில், அவர்கள் வீட்டுச் சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா அடுத்த வேலையை ஆரம்பித்திருந்தாள். யாருக்கோ முழங்கால் உறை. முதல் பக்கம் வந்தது. ஸ்கேலை வைத்தாள். எடுத்தாள். மற்ற ஸ்கேலை வைத்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிச் சரியாகப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை வைத்தாள்.

சதுரம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

கொழுந்தனைக் கூப்பிட்டு விரலால் காகிதத்தைக் காட்டினாள். அவன் கணினியில் போய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஒரே பேர்ல ரெண்டு பிரிண்டர் காட்டுது அண்ணி. பழசுல பிரிண்டர் கம்பெனியோட டிரைவர் இருந்துச்சு. நீங்க அதுல உள்ளது உள்ளபடி அடின்னு சொல்லி வச்சிருந்தீங்க. அன்னிக்கு நான் புதுசா சேர்த்தப்போ கம்ப்யூட்டர் தானா ஒரு பொது டிரைவரப் போட்டுக்கிச்சு. ஓரம் வெட்டுப்பட்டுடக் கூடாதுன்னு அது பக்கத்தையே கொஞ்சம் சுருக்கி அனுப்புது."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்காது அண்ணி. நமக்கு நல்லது பண்றதா அதுக்கு நெனப்பு."

"அன்னிக்கு... ரெண்டாவது பக்கம்..." என்றாள் அக்கா. "மாஸ்டரோட விரல்."

போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். அவள் கணவர், "ரெண்டு மில்லிமீட்டர்தானே, அதுக்கு ஏன் இப்படி ஆடற?" என்று ஆரம்பித்தார்.

"லிஃப்ட் கதவு ரெண்டு மில்லிமீட்டர் விலகினா நீங்க அப்படியே ஓட விடுவீங்களா?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "நீ கிளம்பு. நான் இங்கேருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்கேன்." நான் சல்லடையை அங்கேயே வைத்துவிட்டு அவளோடு புறப்பட்டேன். அன்று அவள் அடுப்பைப் பார்க்கப் படியேறவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் இடது கையின் சுண்டுவிரலை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல் வெளுத்தது, பிறகு நிறம் கறுத்தது. "விடுங்கக்கா" என்றேன். "இருங்க, எவ்வளவு நேரத்துல மரத்துப்போகுதுன்னு பாக்கறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாருக்கோ சொல்வது போல, "மரத்துப்போனா வலிக்காதுல்ல? வலிக்கலேன்னா அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களை, ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறீர்கள் என்று கேட்கிற கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேக்கரியின் பின்கட்டில் மாவு பிசைகிற எந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் போன் அலமாரியில் மாவு படிந்து கிடந்தது. அதன் திரை எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் இன்னும் வேலையில் இறங்கவில்லை. ஒரு முக்காலியில் உட்கார்ந்து இடது கையை ஆட்டி ஆட்டி மற்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். வலது கை மடியில், துணி உறைக்குள், யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது.

"அட, அக்கா! என்ன இந்தப் பக்கம்? கேக் ஆர்டரா?"

"கையக் காட்டுங்க மாஸ்டர்."

நகம் தெரிவதற்காக விரல் நுனிகள் திறந்திருக்கும்படிதான் உறை தைப்பாள். அந்த நுனிகள் உப்பி, பளபளவென்று, ஊதாவாக இருந்தன. நடுவிரலைத் தொட்டு, "இது தெரியுதா?" என்றாள்.

"எது அக்கா?"

"நான் தொடறது."

அவர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். "மொதல்ல குறுகுறுன்னு இருந்துச்சுக்கா. நேத்துலேருந்து அதுவும் இல்ல. சரி, நல்லா ஆகிட்டு வருதுன்னு நெனச்சேன். கழட்டினா மறுபடி மாட்டறது கஷ்டம்னு குளிக்கும்போதும் கழட்டல. இறுக்கமாத்தான் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா பையிலிருந்து தையல் பிரிக்கும் சிறு கத்தியை எடுத்தாள். சுண்டுவிரலின் பட்டியில் தொடங்கி ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டு போனாள். யாரோ எந்திரத்தை நிறுத்தினார்கள். உறை வாழைப்பழத் தோல் மாதிரி விரிந்து விழுந்தது. விரல்களின் பக்கவாட்டில் தையல் கோடு பள்ளமாகப் பதிந்திருந்தது. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் புதுத் தோல் மிளகளவுக்குக் கிழிந்து ஈரமாக இருந்தது.

அவள் அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊதா மெல்ல மெல்லச் சிவப்பானது. திடீரென்று மாஸ்டர் முக்காலியிலிருந்து எழும்பினார். "ஐயோ! எரியுதுக்கா! ஊசியால குத்தற மாதிரி வலிக்குது!"

"வலிக்குதா?" என்றாள் அக்கா. "நல்லா வலிக்குதா? எல்லா விரலும் வலிக்குதா?"

"எல்லாமே. சுண்டுவிரல் நுனி மட்டும் தெரியல."

பக்கத்திலிருந்த மாவு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்த இடமெல்லாம் மாவு அப்பியது. நடந்ததை முழுதும் சொன்னாள். மாஸ்டர் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே, "அப்ப மெஷினோட தப்புதானே?" என்றார்.

"மெஷின் அது பாட்டுக்கு அடிச்சுது. அளக்காம விட்டது நான்தான்."

வீட்டுக்கு வந்ததும் மருத்துவமனைக்கு அவளே போன் செய்யப் போனாள். கை தப்பித்துவிட்டதே, இதைச் சொல்லி இருக்கிற வேலையையும் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கணவர் தயங்கினார். கொழுந்தன், "என் பேரைச் சொல்லிடுங்க அண்ணி" என்றான். அவன் முகமும் சுண்டிப்போயிருந்தது.

"அந்த எடத்துல நாளைக்குத் தோல் சுருங்கினா ஏன்னு அவங்களுக்குத் தெரியணும்ல" என்றாள். அளவெடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பான பிசியோதெரபி அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுநாள் அவளையும் மாஸ்டரையும் வரச் சொன்னார்கள்.

அங்கே நடந்ததை அக்கா வந்து சொன்னாள். மாஸ்டரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார்களாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று அவர் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சுண்டுவிரல் நுனிக்கு வந்ததும், "தொடுங்க, நான் ரெடி" என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சு அதற்குள் இரண்டு முறை அங்கே போய் வந்துவிட்டிருந்தது. "அவர் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. எனக்கு உயிரே போச்சு" என்றாள் அக்கா. புண் ஆறுகிறவரை உறை வேண்டாம், உணர்ச்சி திரும்புகிறதா என்று பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். அக்காவுடைய வேலையைப் பற்றி அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. வேலையை நிறுத்தவும் இல்லை, சிரித்துப் பேசவும் இல்லை.

அடுத்து வந்த நாட்களில் எதிர் வீட்டில் தையல் எந்திரத்தின் சத்தம் இல்லை. கொழுந்தன் அந்தப் பொது டிரைவரை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, கம்பெனியின் டிரைவரையே மறுபடி ஏற்றினான். வைஃபை பெட்டியை எத்தனை முறை மாற்றினாலும் தேடிக் கண்டுபிடிக்கும்படி பிரிண்டருக்கு ஒரு நிலையான முகவரியும் போட்டுக் கொடுத்தான். அக்கா ஒவ்வொரு பக்கத்திலும் சதுரம் வரைந்தாள். பிறகு அது போதாதென்று பக்கத்தின் நான்கு மூலையிலும் வரைந்தாள். "அண்ணி, சதுரம்தான் இருக்கு, கையுறைக்கு எடமில்ல" என்று அவன் கெஞ்சிய பிறகு ஒன்றாகக் குறைத்தாள். ஒரு நாள் காலை என் கதவைத் தட்டி, "சுண்டுவிரல் இல்லாம பூ போட முடியுமா?" என்று கேட்டாள். "எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன். "எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மாஸ்டர்தான் போன் செய்தார். சத்தம் என் வீடுவரை கேட்டது. "அக்கா! சூடான தட்டுல சுண்டுவிரல் பட்டுச்சு, சுர்ருன்னுச்சு!" நல்ல செய்தி என்றுதான் சொன்னார். அக்கா, "ஐயோ, கொப்புளம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

மருத்துவமனையிலிருந்து புதிதாக அளந்து அனுப்பினார்கள். அவளிடமேதான் அனுப்பினார்கள். அதைத் தைத்து முடித்த அன்று மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். மாட்டிவிட்டு அவரை உடனே விடவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தாள், தேநீர் கொடுத்தாள், கணவரைப் பேச்சுக் கொடுக்கச் சொன்னாள். நகத்தின் நிறத்தைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டு வந்து மறுபடியும் பார்த்தாள். "குறுகுறுன்னு இருக்கா?" "இல்லக்கா." "இல்லன்னா, இல்லவே இல்லையா, இல்ல மரத்துப்போய் இல்லையா?" மாஸ்டர் ஒரு விரலை நீட்டி அவள் கணவரின் முழங்கையில் கூசும்படி வருடிக் காட்டினார். அவர் துள்ளியதில் தேநீர் சிந்தியது. வீடே சிரித்தது. அக்கா மட்டும் சிந்திய தேநீர் கையுறைமேல் பட்டதா என்று பார்த்தாள்.

கடைசியில் அவர் விடைபெற்றுப் படி இறங்கினார். அக்கா ஜன்னலுக்குப் போனாள். நானும் பக்கத்தில் நின்றேன். கீழே தெருவைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறியவர், நாங்கள் பார்ப்பதை அறிந்தவர் போலத் திரும்பி, வலது கையைத் தூக்கி ஆட்டினார்.

அக்கா பதிலுக்குக் கையாட்டவில்லை. கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, ஐந்து விரலையும் அகல விரித்து, மூடினாள். மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, நடைபாதை நடுவில் நின்று, தன் ஐந்து விரலையும் விரித்து மூடினார். இரண்டு பேர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அக்கா இன்னொரு முறை விரித்து மூடிக் காட்டினாள்.